சிட்னியில் பூல் உள்ள வீடு வாங்குகிறீர்களா? வேலி, பதிவு, சான்றிதழ், அப்புறம் அந்தக் கறிவேப்பிலைத் தொட்டி

வென்ட்வொர்த்வில், துங்காபி, பெண்டில் ஹில் பக்கம் வீடு பார்க்கப் போனால் சில பழைய வீடுகளின் கொல்லைப்பக்கம் ஒரு நீச்சல் குளம் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்த நிமிடமே வீடு முடிவாகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சமையலறையில் அலமாரி போதுமா என்றுகூட சரியாகப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டோம். அந்தக் குளத்துக்கென்று ஒரு தனிச் சட்டம் இருக்கிறது, அதன்படி நடப்பது முழுக்க எங்கள் பொறுப்பு என்பதெல்லாம் சாவி கைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. புதிதாக வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு மட்டும். மெல்பர்னிலும் பிரிஸ்பேனிலும் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, சான்றிதழ் முறையும் வேறு. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதெல்லாம் பூல்?

இங்கே நடைமுறையில் இருப்பது 1992ஆம் ஆண்டின் நீச்சல் குளச் சட்டம். அதன்படி 300 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய, குளிக்கவோ நீந்தவோ விளையாடவோ வைத்திருக்கும் எதுவும் பூல்தான். 300 மில்லிமீட்டர் என்றால் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேல் நீளம், அவ்வளவுதான். தரையில் தோண்டிக் கட்டியதா, காற்றடித்து நிறுத்துவதா என்று சட்டம் பார்ப்பதில்லை. 'நிற்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைக்கு நீங்கள் எவ்வளவு ஊற்றியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, அந்தப் பூல் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கணக்கு. கோடைகாலம் வந்ததும் கடையில் வாங்கிவந்து பின்புறப் புல்தரையில் விரிக்கிறோமே, அந்தப் பெரிய ஊதுபூலுக்கும் வேலி வேண்டும், பதிவும் வேண்டும். பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு என்றால் என் யோசனை, 300 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள தொட்டியாக வாங்குங்கள், விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். சட்டம் அதற்கு வேலி கேட்காது. ஆனால் குழந்தை மூழ்குவதற்கு ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டியதில்லை, ஆகவே பக்கத்தில் ஆள் இல்லாமல் விடவே கூடாது.

வெளியில் வைக்கும் ஸ்பாவும் இந்தச் சட்டத்தில்தான் வருகிறது. ஆனால் பயன்படுத்தாத நேரத்தில் குழந்தையால் திறக்க முடியாத, பூட்டுகிற மூடி போட்டிருந்தால் அதைச் சுற்றி வேலி வேண்டாம்.

முதல் வேலை, பதிவு

நியூ சவுத் வேல்ஸ் ஸ்விம்மிங் பூல் ரெஜிஸ்டர் என்று அரசின் இணையப் பதிவேடு ஒன்று உண்டு. மாநிலத்தில் உள்ள எல்லா வீட்டுப் பூலும் அதில் இருந்தாக வேண்டும். நீங்களே இணையத்தில் பதிந்தால் கட்டணம் கிடையாது. பதியும்போது, உங்கள் குளம் கட்டிய காலத்துக்குரிய கேள்விப் பட்டியலை வைத்து வேலியைச் சரிபார்த்தீர்களா என்று கேட்கும். அதை 'ஆம், ஆம்' என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போய், உண்மையாகவே அளந்து பார்த்துவிட்டுப் பதியுங்கள். பதியாமல் இருந்தால் 220 டாலர் அபராதம்.

வாங்கப்போகும் வீட்டுக்கும் இந்தப் பதிவேடு உதவும். முகவரியைப் போட்டுத் தேடினால் பூல் பதிவாகியிருக்கிறதா, செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துவிட்டுக் காரில் திரும்பும்போதே செய்துவிடக்கூடிய வேலை இது.

வாங்கும்போது ஒப்பந்தத்தில் எதைத் தேட வேண்டும்

2016 ஏப்ரல் 29 முதல், பூல் உள்ள வீட்டை விற்பவர் ஒப்பந்தத்தோடு பூல் தாள் ஒன்றைக் கட்டாயம் இணைக்க வேண்டும். அது 'விதிகளுக்கு இணங்குகிறது' என்ற சான்றிதழாக இருக்கலாம், இது மூன்று ஆண்டுகள் செல்லும். புதுக் குளமாக இருந்தால் மூன்று ஆண்டுக்குள் கிடைத்த ஆக்குப்பேஷன் சர்டிஃபிகேட்டாக, அதாவது கட்டி முடித்ததைப் பயன்படுத்தலாம் என்ற சான்றிதழாக இருக்கலாம். இல்லையென்றால் 'இணங்கவில்லை' என்ற சான்றிதழாகவும் இருக்கலாம். பலர் ஏமாறுவது இந்த மூன்றாவதில்தான். ஏதோ ஒரு சர்டிஃபிகேட் இருக்கிறது, சரி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். இணங்கவில்லை என்ற தாளோடு வீட்டை விற்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் குறைகளைச் சரிசெய்யும் கடமை அப்படியே உங்கள் தலையில் வந்து விழும், செட்டில்மென்ட் நாளிலிருந்து, அதாவது பணம் கட்டி வீடு உங்கள் கைக்கு வரும் நாளிலிருந்து 90 நாள் அவகாசம். புது வீட்டுக்குச் சாமான் மாற்றி, பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றி, கடன் தவணை தொடங்கும் அதே 90 நாள்.

அதனால் அந்தச் சான்றிதழில் என்னென்ன குறை எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். கதவின் கீல் தளர்ந்திருக்கிறது, எச்சரிக்கைப் பலகை மங்கிவிட்டது என்றால் அரைநாள் வேலை. வேலி உயரம் போதவில்லை, வீட்டுக் கதவு நேராகக் குளத்துப் பக்கம் திறக்கிறது என்றால் அது பெரிய செலவு. ஒரு வேலிக்காரரிடம் விலை கேட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதற்கு முன்பே அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எந்தத் தாளுமே இணைக்கவில்லையென்றால் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு, ஆகவே அன்றைக்கே உங்கள் கன்வேயன்சரை, அதாவது வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

குளம் எந்த ஆண்டு கட்டியது?

இதைக் கேட்காமல் வேலியைப் பற்றிப் பேசவே முடியாது. 1990 ஆகஸ்ட் 1க்கு முன் கட்டிய குளங்களில், குழந்தை திறக்க முடியாத கதவும் சன்னலும் இருந்தால், வீட்டிலிருந்து நேராகக் குளத்துக்குப் போகும் வழி இருக்கலாம். அதன் பிறகு 2010 ஜூன் 30 வரை கட்டியவற்றில், வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் வேலி என்பதுதான் பொது விதி. 230 சதுர மீட்டருக்குக் குறைவான மனை, இரண்டு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலம், ஆற்றங்கரை கடற்கரை வீடுகள் போன்றவற்றுக்கு மட்டும் சலுகை. 2010 ஜூலை 1க்குப் பின் எந்தச் சலுகையும் இல்லை, நாலு பக்கமும் வேலி, வீடு தனி, குளம் தனி.

பழைய சலுகை இருக்கிற வீடு என்றால் சிலர் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டிய ஆண்டு எதுவானாலும் தண்ணீர் ஒன்றுதான். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில், சட்டம் விட்டுவிட்டாலும் நடுவில் ஒரு வேலி போட்டுவிடுங்கள். இன்னொன்று, பழைய வேலியைப் பெரிய அளவில் மாற்றிக் கட்டினால் சலுகை போய்விடும், புது விதிதான் பொருந்தும். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் பகுதியின் உள்ளாட்சியான கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலி, அதாவது இந்தக் கட்டுரையின் பாதி

புதிய விதிப்படியான அளவுகளைச் சொல்கிறேன். வேலியின் உயரம் வெளிப்பக்கத் தரையிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர். அடியில் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. நெடுக்குக் கம்பிகளுக்கு நடுவிலும் 100 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. குறுக்குச் சட்டங்கள் இருந்தால் அவற்றுக்கிடையே 900 மில்லிமீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்கு அதுவே ஏணிப்படி. பக்கத்து வீட்டோடு பங்கிடும் எல்லை வேலியையே குள வேலியாகவும் வைத்துக்கொண்டால் அது 1.8 மீட்டர் இருக்க வேண்டும்.

நம் ஆட்கள் அடிக்கடி கோட்டைவிடுவது உயரத்தில். வேலி நட்ட அன்றைக்கு 1.2 மீட்டர் சரியாகத்தான் இருக்கும். அப்புறம் வேலியோரம் செடி வைக்கிறோம், மண் கொட்டுகிறோம், மரத்தூள் பரப்புகிறோம். இரண்டு வருடத்தில் தரை ஒரு சாண் மேலே வந்துவிடும், வேலி ஒரு சாண் குட்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

கதவு தானாக மூடி, தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே பார்த்துத்தான் திறக்க வேண்டும். தாழைத் திறக்கும் குமிழ் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கலாம், அதைவிடத் தாழ்வாக இருந்தால் குழந்தையின் கை புகாதபடி மறைப்பு வேண்டும். சோதிப்பது இப்படி: கதவை முழுதாகத் திறந்து கையை விடுங்கள், தானே போய்த் தாழ் விழுகிறதா பாருங்கள். பாதி திறந்து விடுங்கள். கடைசியாகத் தாழின் மேல் ஒட்டினாற்போல் வைத்துக் கையை எடுங்கள். இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலான கதவுகள் தோற்கின்றன, கீலில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஒரு திருகு போதும், சில நேரம் கீலை மாற்ற வேண்டிவரும். நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். மழைக்காலத்துக்குப் பிறகு மண் இளகிக் கம்பம் சாய்ந்தால் கதவு தாழோடு சேராமல் போகும், அதையும் பாருங்கள்.

அடுத்தது 900 மில்லிமீட்டர் விதி. வேலியின் வெளிப்பக்கம் அந்தத் தூரத்துக்குள் குழந்தை ஏறி நிற்கக்கூடிய எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. இதுதான் எங்களைக் கவிழ்த்தது. வீடு வாங்கியபோது சான்றிதழ் சரியாக இருந்தது. அதன் காலம் முடியும் சமயம் மறுபரிசோதனைக்கு ஆளைக் கூப்பிட்டோம், அவர் உள்ளே வந்ததும் நேராகப் போய் நின்றது எங்கள் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில். பின்புறத்தில் நல்ல வெயில் விழும் இடம் வேலியோரம்தான், அதனால் தொட்டிகளை அங்கே வரிசையாக வைத்திருந்தோம். கறிவேப்பிலை, துளசி, ஒரு எலுமிச்சை. முழங்கால் உயரத் தொட்டி, அதன் விளிம்பில் ஒரு மூன்று வயதுக் குழந்தை நின்றால் வேலியின் மேல்சட்டம் அதன் நெஞ்சுக்குக் கீழே வந்துவிடும். அதை அவர் கையால் அளந்து காட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்று வருடமாக என் கையாலேயே தண்ணீர் ஊற்றி ஏணி வளர்த்திருக்கிறேன்.

தொட்டி மட்டுமா? துணி காயப்போடும் ஸ்டாண்ட், பிளாஸ்டிக் நாற்காலி, பார்பிக்யூ அடுப்பு, குப்பைத்தொட்டி, பிள்ளைகளின் சைக்கிள், பம்புப் பெட்டி எல்லாமே ஏறுபடிகள்தான். வேலியோரம் மரம் இருந்தால் தாழ்ந்த கிளையை வெட்டுங்கள். எல்லை வேலியாக இருந்தால் கணக்கு உங்கள் பக்கத்தில், மேலிருந்து கீழாக 900 மில்லிமீட்டர் வழவழப்பாக, பிடித்து ஏற முடியாததாக இருக்க வேண்டும்.

வீட்டுச் சுவரே ஒரு பக்க வேலியாக இருந்தால், அந்தச் சுவரில் குளத்துப் பக்கம் திறக்கும் கதவு இருக்கவே கூடாது. தாழ்வான சன்னல் இருந்தால் 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடை வைக்க வேண்டும், இல்லையென்றால் திருகு போட்டு இறுக்கிய வலை அடிக்க வேண்டும்.

எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம். குளத்துக்குப் பக்கத்தில், மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும், சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி) செய்முறை அதில் இருக்க வேண்டும். சிட்னி வெயிலில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும். மங்கிய பலகைக்காகவே பரிசோதனையில் தோற்றவர்களை எனக்குத் தெரியும்.

வேலி விதியை மீறினால் கையோடு 550 டாலர் அபராதம், நீதிமன்றம் போனால் 5,500 டாலர் வரை.

பரிசோதனைக்கு ஆள் கூப்பிடுவது

கவுன்சிலின் ஆளையும் கூப்பிடலாம், சர்டிஃபையர் என்ற பதிவுபெற்ற தனியார் பரிசோதகரையும் கூப்பிடலாம். கவுன்சில் வாங்கும் பரிசோதனைக் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு, தனியாருக்குச் சந்தை விலை. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ போகிறீர்கள் என்றால் விளம்பரம் போடுவதற்கு ரொம்ப முன்பே கூப்பிட்டுவிடுங்கள், ஏனென்றால் குறை சொல்லிவிட்டுப் போனால் சரிசெய்து மறுபடி காட்ட நாள் எடுக்கும். உடனடி ஆபத்து என்று பட்டால் சர்டிஃபையர் கவுன்சிலுக்குத் தெரிவித்தாக வேண்டும், அது அவர் கடமை. கோபப்பட்டுப் பயனில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

பூல் உள்ள வீட்டை வாடகைக்கு விடுபவர் குத்தகை ஒப்பந்தத்தோடு செல்லுபடியாகும் இணக்கச் சான்றிதழின் நகலைத் தர வேண்டும். 'இணங்கவில்லை' தாளை வைத்து வாடகைக்கு விட முடியாது. கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. கதவு மூடவில்லை, கீல் உடைந்தது என்றால் ஏஜென்ட்டுக்குப் படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. ஆனால் கதவை எப்போதும் மூடி வைப்பது அங்கே குடியிருக்கும் உங்கள் பொறுப்பு. வாடகை வீட்டில் ஊதுபூல் வைக்க ஆசைப்பட்டால் முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு

இது தனிக் கட்டுரைக்கே உரிய விஷயம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அனுமதிக்கு இரண்டு வழி. மனையும் வரைபடமும் மாநிலத்தின் பொது அளவுகோலுக்குள் வந்தால் சி.டி.சி. என்கிற கம்ப்ளையிங் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட், இதைக் கவுன்சிலும் தரலாம், தனியார் சர்டிஃபையரும் தரலாம். வரவில்லையென்றால் கவுன்சிலில் டி.ஏ. என்கிற கட்டுமான அனுமதி விண்ணப்பம் போட வேண்டும், கூடுதல் நாள் ஆகும். பாரம்பரியப் பகுதி, காட்டுத்தீப் பகுதி என்றால் முன்பே விசாரியுங்கள். 40,000 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் குளத்துக்குத் தண்ணீர், மின்சாரச் சிக்கனத்துக்கான பேசிக்ஸ் சான்றிதழும் வேண்டும். தோண்டும் முன் மனைக்குள் ஓடும் சாக்கடைக் குழாய்க்கு, குடிநீரும் சாக்கடையும் பார்க்கும் சிட்னி வாட்டர் நிறுவனத்தின் ஒப்புதல் பாருங்கள். 'பிஃபோர் யூ டிக்' என்ற இலவச சேவையில் மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்டிஃபையரை நீங்கள்தான் நியமிக்க வேண்டும், கட்டுபவர் தன் ஆளை வைத்துக்கொள்ள விடாதீர்கள். அவர் வேலையைச் சரிபார்க்கும் ஆளை அவரே தேர்ந்தெடுத்தால் அந்தச் சரிபார்ப்புக்கு என்ன அர்த்தம்? கட்டுபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று மாநில அரசின் உரிமச் சரிபார்ப்பு இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வேலை 20,000 டாலரைத் தாண்டினால் அவர் காப்பீடு எடுத்து அதன் தாளைக் கையில் தந்த பிறகுதான் முன்பணம், அதுவும் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. தோண்டிய குழி மழையில் நிரம்பினால் அதுவும் குளம்தான், ஆகவே வேலை நடக்கும்போதும் தடுப்பு வேண்டும். நிரந்தர வேலி முடிந்து சர்டிஃபையர் பார்த்த பிறகு தண்ணீர் நிரப்புங்கள். எல்லாம் முடிந்ததும் ஆக்குப்பேஷன் சர்டிஃபிகேட் வாங்குங்கள், குளத்தைப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டாரோடு உறவு கெடாமல் இருக்க ஒன்று: பம்பு சத்தம் இரவு 8 மணிக்குப் பிறகு, காலை 7 மணிக்கு முன் (ஞாயிறு, பொது விடுமுறை என்றால் 8 மணிக்கு முன்) அவர்கள் அறைக்குள் கேட்கக் கூடாது. டைமர் போட்டுவிடுங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு

சர்டிஃபையர் பார்த்துவிட்டுப் போனது ஒரு நாள் காலை, அரை மணி நேரம். மீதி மூன்று வருடம் யார் பார்ப்பது? இந்த ஊரில் பொங்கல் வருவது நல்ல கோடையில். வீட்டில் நாற்பது பேர், வெளியே அடுப்பு, குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் ஒரு பொங்கலன்று, சாப்பாட்டுத் தட்டுகளை உள்ளே கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று யாரோ குளத்துக் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் அதன் வழியாக உள்ளே போய் முதல் படியில் கால் வைத்திருந்தான், எங்கள் அக்கா தற்செயலாகத் திரும்பிப் பார்த்துப் பிடித்துவிட்டார். நாற்பது பேர் இருந்தோம். எல்லோரும் வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். விருந்து என்றால் குளத்துக்குக் காவல் ஒருவர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். காவலில் இருப்பவர் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிற்றட்டை தொங்கும், அடுத்தவர் கழுத்தில் போட்ட பிறகுதான் அவர் நகரலாம். கையில் போன் கூடாது, தட்டும் கூடாது. மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கத்திக் கையசைக்காது, சத்தமே இல்லாமல் போய்விடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கை எட்டும் தூரத்தில் பெரியவர் இருந்தாக வேண்டும், ராயல் லைஃப் சேவிங் அமைப்பும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. குளித்து முடித்ததும் மிதக்கும் பொம்மைகளை எடுத்து உள்ளே வையுங்கள், மறுநாள் காலை குழந்தையை வேலிக்கு இழுப்பது அந்த மஞ்சள் வாத்துதான். குழந்தையைக் காணவில்லை என்றால் அலமாரிக்குள் தேடுவதற்கு முன் குளத்துக்கு ஓடுங்கள்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து ஆறு மாதம் தங்கிப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். பலருக்கு நீச்சல் தெரியாது, தாழைத் திறந்து பழக்கம் இருக்காது, ஒன்று நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாது. வந்த முதல் நாளே அவர்களைக் குளத்தருகே கூட்டிப்போய்க் கதவைத் திறந்து மூடிக் காட்டுங்கள். உங்களோடு ஒரு நாள் சி.பி.ஆர். வகுப்புக்கும் அழைத்துப் போங்கள், முப்பது முறை நெஞ்சை அழுத்தி இரண்டு முறை மூச்சுக் கொடுப்பது எழுபது வயதிலும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாளில் பெரிய எழுத்தில் வீட்டு முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே அவசர உதவி எண்ணான 000 என்றும், எடுத்தவரிடம் முதலில் 'ஆம்புலன்ஸ்', அடுத்து 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்றும் எழுதுங்கள். அம்மாவை இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவை வெட்கப்பட்டார், இரண்டாவது தடவை முகவரியையும் சேர்த்துச் சொன்னார்.